ஆயிரம் கிராம் விசை

என் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த இரண்டாவது சனிக்கிழமை, அகதிகள் விடுதிக்குப் பின்னாலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அம்மா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். அப்பா சன்னல் ஓரமாக ஒதுங்கி நின்று வெளியே பார்த்தார். வீதியில் ஒரு கிழவர் நாயோடு ஆறுதலாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அப்பா குனிந்து கட்டிலுக்கு அடியில் சொன்னாராம்: "நாய் ஓடேல்லை. வெளியிலை வா."

அது பக்கத்துக் கிராமத்துச் சுடுதளம். சனிக்கிழமைகளில் புல் வெட்டும் சத்தம் கேட்பதுபோல இங்கே சுடும் சத்தமும் கேட்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குச் சொல்லாத ஆண்டு கிடையாது. சொல்லும்போது அப்பா சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார், ஆனால் கொஞ்சம் பிந்தித்தான்.

அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் போன ஆண்டு ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். விளையாட்டுக்கான துப்பாக்கி. இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் கடதாசியில் ஓட்டை போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். அம்மாவின் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் இல்லாமலே போனது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் படித்து முடித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இயந்திரப் பொறியியல். வின்டர்தூரில் ஒரு தொழிற்சாலையில் மிக நுண்ணிய உதிரிப்பாகங்களுக்கு வரைபடம் செய்கிறேன். ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் என் மேசைக்குத் திரும்பி வந்துவிடும். என் பட்டச் சான்றிதழ் ஓல்டனில் பெற்றோரின் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. விளக்கு வைக்கும்போது அதற்கும் கொஞ்சம் வெளிச்சம் விழும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

சுடத் தொடங்கியது தற்செயல். தொழிற்சாலையில் எங்கள் பிரிவின் ஆண்டு ஒன்றுகூடலைப் பக்கத்துச் சுடுதளத்தில் வைத்தார்கள். ஆளுக்குப் பத்துக் குண்டு. எனக்கு இடக்கண்தான் கூர்மை என்பது அன்றுதான் தெரிந்தது. இடக்கையில் பிடித்துச் சுட்டேன். பத்தில் எட்டு, நடுவில் இருந்த கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அங்கே நின்ற ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், என் கையை ஒருமுறையும் கடதாசியை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு வா" என்றார். கேட்டது மாதிரி இல்லை, பால் கறக்கும் நேரத்தைச் சொன்னது மாதிரி இருந்தது. உண்மையிலேயே அவர் மாடு வளர்ப்பவர். சுடும் சங்கத்தின் போட்டிக் குழுவுக்குத் தலைவியும் அவர்தான்.

குழுவில் நான்கு பேர். முதல் மூன்று இடங்களையும் அசைக்க முடியாது. நான்காவது இடத்தில் ஓய்வுபெற்ற ஒரு ரயில் ஓட்டுநர் இருந்தார். இரண்டு வருடமாக நான் அவருக்குப் பின்னால் ஐந்தாவதாக, அதாவது போட்டிக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் ஆளாக இருந்தேன். எனக்கு அந்த நான்காவது இடம் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் அந்த ஆசை அலுவலகத்தில் வரைபடத்தின் ஓரத்தில் வட்டம் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது.

தடை என் கை. அம்மாவின் கையைப் போலச் சின்னக் கை. சங்கத்தின் பொதுத் துப்பாக்கிகள் எல்லாம் பெரிய கைகளுக்கு, அதுவும் வலக்கைகளுக்குச் செய்தவை. இடக்கையில் பிடித்தால் கைப்பிடியின் மேடு உள்ளங்கையின் பிழையான இடத்தில் குத்தும். சுட்டுவிரலின் நுனி விசைக்கு எட்டியும் எட்டாமலும் நிற்கும். நான் விசையை அழுத்தவில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இதோடு உன்னால் இதற்கு மேல் ஏற முடியாது" என்றார் குழுத் தலைவி ஒரு வியாழக்கிழமை. "உன் கைக்கு ஒன்று வாங்கு. மே மாதம் தேர்வுப் போட்டி. நீயும் அவரும். கூடப் புள்ளி எடுப்பவருக்கு நான்காவது இடம்."

பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ரயில் ஓட்டுநர், "வாங்கட்டும், வாங்கட்டும்" என்றார். "நான் இருபது வருடம் தாமதமாக வந்ததே இல்லை. மே மாதமும் தாமதமாக வர மாட்டேன்."

இனி வீட்டில் சொல்ல வேண்டும். ஓல்டனுக்கு ரயில் ஏறிப் போனேன். சாப்பாட்டு மேசையில், மீன் குழம்பு முடியும் தறுவாயில் சொன்னேன். அம்மா முள்ளை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன வாங்கப் போறாய்?"

"பிஸ்டல், அம்மா. விளையாட்டுக்கு."

"துவக்கோ?"

"விளையாட்டுத் துவக்கு."

"விளையாடுறதுக்குப் பந்து இருக்கு. நாங்கள் அவ்வளவு தூரம் ஓடி வந்தது உந்தச் சாமானைப் பாக்காமல் இருக்கிறதுக்கு. நீ காசு குடுத்து வாங்கி வீட்டிலை வைக்கப் போறியோ?"

நான் கடதாசி, வட்டம், இருபத்தைந்து மீற்றர் என்று விளக்கினேன். மூச்சை அடக்குவதுதான் இதில் பாதி என்றேன். தியானம் மாதிரி என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"தியானத்துக்குக் கோயில் இருக்கு" என்றார் அம்மா. பிறகு அவருக்கு வேறொரு சந்தேகம் வந்தது. "எந்தக் கையாலை சுடுவாய்?"

"இடக்கையாலை."

அம்மா அப்பாவைப் பார்த்தார். "இஞ்சருங்கோ, கேட்டியளோ? பீச்சாங்கையாலை சாப்பிடக் குடாது எண்டு நான் ரெண்டு வருசம் பின்னாலை நிண்டு பழக்கினனான். இப்ப அதே கையாலை சுடப் போறாவாம். ஆக்கள் பாத்தால் என்ன சொல்லுவினம்?"

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கை கழுவிவிட்டு வந்து ஒரே கேள்வி கேட்டார். "பூட்டி வைப்பியோ?"

"ஓம் அப்பா. இரும்புப் பெட்டியிலை."

"திறப்பு?"

"என்னட்டை மட்டும்."

"அப்ப சரி" என்றார். அம்மா சரி என்று சொல்லவில்லை. ஆனால் போகும்போது எனக்குக் கட்டித் தந்த சாப்பாட்டில் வழக்கம்போலப் பொரியலும் இருந்தது. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பொலிஸ் அனுமதி எடுக்கும்போதுதான் ஒரு விசயம் தெரிந்தது. சில நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. நான் பதினாறு வயதில் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவள். அப்பாவும் அம்மாவும் இன்னும் பழைய கடவுச்சீட்டோடுதான் இருக்கிறார்கள். ஆகவே எனக்கு அனுமதி உண்டு, அவர்களுக்கு இல்லை. இதைத் தொலைபேசியில் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் இந்த நாட்டில் அகதி விண்ணப்பத்திலிருந்து நிரந்தர வதிவிடம் வரை என், எஃப், பி, சி என்று எழுத்துக்கு எழுத்து அனுமதி அட்டை மாறி வந்த மனிதர்.

"தொடக் குடாது. விளங்குது" என்றார். "பாக்கிறதுக்கும் ஏதும் பெர்மிட் வேணுமோ?"

"இல்லை அப்பா."

"அப்ப ஒரு நாளைக்குப் பாக்கிறன்."

துப்பாக்கிக் கடை ஊருக்கு வெளியே, சைக்கிள் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைக்காரர் என் கையை ஒரு கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். செருப்புக்கு அளவெடுப்பதுபோல. பிறகு பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே வகை. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு போகும், அடுத்ததை அது தானே உள்ளே ஏற்றிக்கொள்ளும். குண்டு அடுக்கும் மகசினில் ஐந்து குண்டு.

முதலாவது அழகி. கறுப்பும் வெள்ளியும். கையில் எடுத்தால் முன்பக்கம் கனத்து மூக்குக் குனிந்தது. இரண்டாவது இலேசு, விலையும் குறைவு. ஆனால் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து விட்டபோது உள்ளே எங்கோ ஒரு சின்ன ஆட்டம் விரலுக்குத் தெரிந்தது. எட்டு மணி நேரமும் உதிரிப்பாகங்களோடு இருக்கிற விரல் அது, ஏமாற்ற முடியாது. மூன்றாவது பார்க்கச் சதுரமாக, சமையலறைச் சாமான் மாதிரி இருந்தது. இழுத்து விட்டேன். நல்ல அலுமாரிக் கதவு மூடுகிற சத்தம். கண்ணை மூடி, கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பார் என்றார் கடைக்காரர். மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் குழலின் நுனியில் இருந்த முன்குறி, பின்குறியின் நடுவில் தானாக வந்து நின்றது.

"அழகி வேண்டாமா?" என்று கேட்டார்.

"அழகியோடு ஐந்து நிமிடம்தான் இருக்கலாம்" என்றேன். "இதோடு போட்டியின் முப்பது குண்டும் சுடலாம்."

இடக்கைக்கு, அதுவும் சின்ன அளவில் மரக் கைப்பிடி கடையில் இருக்கவில்லை. வரவழைக்க ஆறு கிழமை. வந்த பிறகும் அது என் கைக்கு ஏற்கெனவே செய்ததல்ல, என் கைக்காகச் செதுக்கத் தொடங்க வேண்டிய ஒரு வால்நட் கட்டை. எங்கே மரம் அதிகமாக முட்டுகிறது என்று கண்டுபிடித்து அங்கே அராவ வேண்டும், எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மரப்பசை வைத்து நிரப்ப வேண்டும். முட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றார் கடைக்காரர். "உள்ளங்கையில் உதட்டுச்சாயம் பூசி, பிடித்துப் பார். சிவப்பு ஒட்டுகிற இடம்தான் உயரம்."

என்னிடம் இருந்தது வெளிர் நிறச் சாயம். மரத்தில் தெரியவே இல்லை. ஆனால் சமையலறை இழுப்பறையில் கோயில் குங்குமப் பொட்டலங்கள் ஒரு குவியல் கிடந்தன. எந்தக் கோயிலுக்குப் போனாலும் அம்மா எனக்கென்று ஒன்று கொண்டுவந்து போட்டுவிடுவார், எறியவும் முடியாது. உள்ளங்கையில் துளி நல்லெண்ணெய் தடவி, மேலே குங்குமத்தைத் தூவிப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலின் அடியில் ஒரு சிவப்பு, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு. அவ்வளவு துல்லியம். அந்த மாதம் முழுவதும் அராவுவதும் பூசுவதும் பிடித்துப் பார்ப்பதுமாகப் போனது. ஒரு தரம் கைப்பிடியைக் கடைக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர் மூக்கருகில் வைத்து மணந்து பார்த்து, "என்ன உதட்டுச்சாயம் இது?" என்று கேட்டார். வால்நட் மரத்தின் ரேகைகளில் அந்தச் சிவப்பு கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது.

கடைசி வேலை விசை. என்னுடைய பொறியியல் தலைக்கனமும் அங்கேதான் வந்தது.

எங்கள் போட்டியில் விசை ஆயிரம் கிராமுக்குக் குறையாத அழுத்தத்தில்தான் இயங்க வேண்டும். போட்டிக்கு முன் அதிகாரி ஒருவர், குண்டில்லாத துப்பாக்கியை நேராகப் பிடித்து, சரியாக ஆயிரம் கிராம் எடையை விசையில் கொளுவித் தூக்கிப் பார்ப்பார். எடை மேலே வரும்வரை விசை அசையாமல் நிற்க வேண்டும். கடைக்காரர் பாதுகாப்புக்காக ஆயிரத்து ஐம்பதில் வைத்துத் தந்தார். எனக்கோ அந்த ஐம்பதும் உறுத்தியது. சின்ன விரலுக்கு ஐம்பது கிராமும் ஒரு சுமை. ஆயிரத்தின் விளிம்பிலேயே வைக்க எனக்குத் தெரியாதா? ஒரு திருகாணி, ஒரு சின்ன அறுகோணச் சாவி. அவ்வளவுதானே.

வீட்டில் எடைக்கல் இல்லை. சமையல் தராசும் இல்லை. நான் பழகியது அம்மாவின் சமையல், அதில் எல்லாம் கையளவும் பேணியளவும்தான். அலுமாரியைத் திறந்தேன். தமிழ்க் கடையில் வாங்கிய வறுத்த சிவப்பரிசி மா, ஒரு கிலோ. மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வாய் மடித்து ஒட்டி, மூலை மூலையாக அழகாக நின்றது. துணிப் பையில் போட்டு, கம்பிக் கொளுவியால் விசையில் தொங்கவிட்டுத் தூக்கினேன். நின்றது. திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினேன். நின்றது. இன்னும் கொஞ்சம். டிக். விசை விழுந்தது. ஒரு சிட்டிகை திரும்ப இறுக்கினேன். நின்றது. சரியாக விளிம்பு. எனக்கு நானே கைகுலுக்கிக்கொள்ளாத குறை. அடுத்த இரண்டு கிழமையும் பயிற்சியில் என் குண்டுகள் நடுவை விட்டு நகரவே இல்லை. ரயில் ஓட்டுநர் புள்ளி காட்டும் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி நேரத்துக்கு முன்பே வருகிறதே" என்றார்.

தேர்வுப் போட்டி ஒரு சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் விடியவே ஓல்டனிலிருந்து காரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா வந்தது, ஒரு நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொன்ன வார்த்தைக்காக. அம்மா வந்தது, அவரே சொன்னபடி, "இந்த மனிசனைத் தனிய விடேலாது." அம்மா என் சமையலறையில் சமைத்துக் கட்டிய ஒரு பெரிய சாப்பாட்டுப் பையும் எங்களோடு சுடுதளத்துக்கு வந்தது. சுடுதளத்தின் வாசலில் முதல் சத்தம் கேட்டபோது அம்மாவின் கால் ஒரு கணம் நின்றது. அப்பா புல்வெளியைச் சுட்டிக் காட்டினார். அங்கே குழுத் தலைவியின் நாய் நான்கு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா காதுமூடியை வாங்கிக் கொண்டையில் படாதபடி சரிபார்த்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

நான் துப்பாக்கியைச் சரிபார்க்கும் மேசைக்குக் கொண்டுபோனேன். அதிகாரி எடையைக் கொளுவித் தூக்கினார். டிக்.

என் காதுக்குப் பிழையாகக் கேட்டது என்று நினைத்தேன். இரண்டாம் தரம் தூக்கினார். டிக். மூன்றாம் தரமும். பிறகு ஒரு சின்னக் கருவியால் அளந்து, "தொள்ளாயிரத்து முப்பது" என்றார். "எழுபது கிராம் குறைவு. இதோடு நீங்கள் சுட முடியாது."

"இருக்க முடியாது" என்றேன். "நான் ஒரு கிலோவோடு பார்த்தேன்."

"எந்த ஒரு கிலோ?"

பின்னால் கண்ணாடித் தடுப்பின் அருகே பெற்றோர் நின்றார்கள். அம்மா காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, "என்னவாம்?" என்றார்.

"விசை இலேசாம். எழுபது கிராம். நான் ஒரு கிலோ மாப் பக்கற்றைத் தூக்கிப் பாத்தனான் அம்மா. உடைக்காத பக்கற்."

"எந்தப் பக்கற்?"

"அலுமாரியிலை, மேல் தட்டிலை. சிவப்பரிசி மா."

அம்மா ஒரு கணம் யோசித்தார். "அதை நான் உடைச்சனான் பிள்ளை. போன மாசம் வந்தபோது பிட்டு அவிச்சனான் எல்லே. மற்றப் பக்கற் போதேல்லை. உதிலை ரெண்டு சிறங்கை எடுத்தனான்."

"அம்மா, அது ஒட்டியிருந்தது."

"ஒட்டாமல் விட்டால் பூச்சி வரும். நான் நேர்த்தியா மடிச்சு ஒட்டினனான்."

அப்பா அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தார். "சின்னக் கை. ரெண்டு சிறங்கை எழுபது சரிதான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கிறவள் நான். அரை மணி நேரம் இருக்கிறது, சரிசெய்து கொண்டுவரலாம் என்றார் அதிகாரி. கொண்டுவராவிட்டால் போட்டி இல்லை, நான்காவது இடமும் இல்லை. பையைத் திறந்தேன். அறுகோணச் சாவி இல்லை. அது வீட்டில், சமையல் மேசையில், மாப் பக்கற்றுக்குப் பக்கத்தில் இருந்தது.

"எந்த அளவு?" என்று ஒரு குரல். ரயில் ஓட்டுநர். தன் பெட்டியிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அன்று செய்ய வேண்டியிருந்தது ஒன்றுமே இல்லை. சும்மா கோப்பி குடித்துக்கொண்டிருந்தாலே போதும்.

"நீங்கள் ஏன்?" என்றேன்.

"ஆள் ஏறாத வண்டியை ஓட்டி என்ன பெருமை?" என்றார். "கெதியாகப் பார்."

மேசைக்குப் பக்கத்தில், அதிகாரியின் கண் முன்னால் திருகாணியை இறுக்கினேன். விளிம்பு தேடி விளையாட நேரமில்லை. நான்காவது தடவை எடை மேலே வந்து அசையாமல் தொங்கியது. அவர் கருவியால் அளந்து, "ஆயிரத்து அறுபது" என்று முத்திரை ஒட்டினார். கடைக்காரர் வைத்துத் தந்ததைவிடப் பத்துக் கூட.

முதல் ஐந்து குண்டும் சோகம். விரல் பழைய இடத்தில் விழும் என்று காத்திருந்தது, விசை விழவில்லை. காத்திருந்த நேரத்தில் முன்குறி நடுவை விட்டு விலகியது. ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. துப்பாக்கியை மேசையில் வைத்து, கையை உதறி, கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பா திரையில் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா திரையைப் பார்க்கவில்லை, என் இடக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் என் சோற்றுத் தட்டைக் கண்காணித்த அதே பார்வை.

அதற்குப் பிறகு நான் விசையை நினைக்கவில்லை. கைப்பிடியை நினைத்தேன். ஒரு மாதம் குங்குமம் பூசிப் பூசி அராவிய மரம். பெருவிரலின் அடியில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, சுண்டுவிரலுக்குப் பக்கத்திலும் இருந்தது. கை முழுவதும் அப்படிச் சும்மா இருந்தால், விரல் மட்டும் தனியாக ஆயிரத்து அறுபது கிராமை இழுத்துவிடும் போலிருந்தது. மெதுவாக இழுத்தேன், எங்கே விழுகிறது என்று கேட்காமல். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. மறுபடி நாற்பத்தேழு. கடைசி ஐந்தில் நாற்பத்தாறு. மொத்தம் இருநூற்று எழுபத்து நான்கு.

ரயில் ஓட்டுநர் எனக்கு இரண்டு இடம் தள்ளிச் சுட்டார். அவருடைய திரையில் இருநூற்று எழுபத்திரண்டு. தொப்பியைக் கழற்றி என் பக்கம் வந்தார்.

"இரண்டு புள்ளி" என்றார். "அந்தச் சாவியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம்."

"வைத்துவிட்டு வந்திருப்பீர்களா?"

"இல்லை" என்றார் அவர். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "யோசித்தேன், ஆனால் இல்லை" என்றார்.

குழுத் தலைவி பட்டியலில் என் பெயரை நான்காவது வரியில் எழுதினார். பாராட்டு என்று ஒன்றும் இல்லை. "யூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். தராசு வாங்கு" என்றார்.

அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, எனக்குக் கிடைச்சிட்டுது. நாலாவது."

"நாலு பேரிலை நாலாவதோ?"

"ஓம்."

"மற்ற மூண்டு பேரும் என்ன படிச்சவையாம்?" என்றார் அம்மா. அவருடைய முகத்தில் ஒரு பெருமை ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தது, அதை மறைக்கத்தான் இந்தக் கேள்வி.

சாப்பாட்டுப் பையைச் சங்கத்தின் சின்ன உணவகத்தில் பிரித்தோம். பிட்டும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். ரயில் ஓட்டுநர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மாப் பக்கற்றின் கதையை நான் சொன்னதும், அந்த மாவா இது என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பண்டகசாலை வேலையில் பழகிய தன் ஜெர்மன் மொழியில், ஓம், அதே பக்கற்தான், இன்று காலை மகளின் வீட்டில் அவித்தது என்று விளக்கினார். "அப்படியென்றால் என் தட்டிலும் இரண்டு கை குறைந்திருக்கும்" என்றார் அவர். அப்பா அதை மொழிபெயர்த்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிந்தாமல் சிரித்தார். பிறகு ரயில் ஓட்டுநரின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

புறப்படுமுன் துப்புரவு மேசையில் துப்பாக்கியைக் கழற்றினேன். உலோகம் முழுவதையும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மரக் கைப்பிடி மட்டும் தனியாக வெளியில் இருந்தது. ஒரு திருகாணிதான் அதை மற்றதோடு சேர்க்கிறது, அது இல்லாவிட்டால் வெறும் மரம். அம்மா எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மரம்தான் அம்மா. இதைத் தொடலாம்."

அவர் முதலில் வலக்கையை நீட்டினார். பொருந்தவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு இடக்கைக்கு மாற்றினார். பெருவிரலின் அடியில் மரம் போய் உட்கார்ந்தது, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. எனக்காக ஒரு மாதம் அராவியது அவருடைய கையிலும் இடைவெளி இல்லாமல் நின்றது. ரேகைகளில் தங்கியிருந்த சிவப்பைப் பார்த்து, "உது என்ன?" என்றார்.

"நீங்கள் தந்த குங்குமம்."

அம்மா அதை மணந்து பார்த்தார். இறுக்கிப் பிடித்தார், தளர்த்தினார், மறுபடி பிடித்தார். வெளியே அடுத்த குழு சுடத் தொடங்கிவிட்டது. அவர் காதுமூடியைத் தேடவில்லை.

"நல்லாத்தான் செதுக்கியிருக்கிறாய்" என்றார் கடைசியில். "என்ரை பெரிய அகப்பைக்கு இப்பிடி ஒரு பிடி செய்து தா. வலக்கைக்கு."

"எத்தினை கிராம் எண்டு முதலே கேட்டு வை பிள்ளை" என்றார் அப்பா, கார்த் திறப்பை எடுத்தபடி.